காய்ச்சல் போன பிறகு வரும் பூஞ்சை

2021 மே மாதம், கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் கோவிட் மருந்தான ரெம்டெசிவிர் வாங்க நின்ற நீண்ட வரிசை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றப்பட்டிருந்த நேரம். அந்த மருந்துக்கான அலைச்சல் ஓய்வதற்குள் சென்னையில் இன்னொரு மருந்தின் பெயர் அடிபட ஆரம்பித்தது: பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின். கோவிட்டிலிருந்து தேறி, நெகட்டிவ் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போனவர்களில் சிலர் சில நாட்களிலேயே ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பிதுங்கி, மறுபடி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கருப்புப் பூஞ்சை என்று செய்திகள் சொன்ன மியூகோர்மைகோசிஸ் அது. தமிழ்நாடு அரசு அந்த மாதமே அதை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூலைக்குள் நாடு முழுக்க 45,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 4,300 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி, இந்தப் பூஞ்சை எங்கிருந்து வந்தது என்பதுதான். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்தா, துவைக்காத முகக்கவசத்திலிருந்தா என்று ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். என்னைக் கேட்டால், அதைவிடப் பயனுள்ள கேள்வி வேறு. பூஞ்சை எப்போதும் நம்மோடுதான் இருக்கிறது. அதுவரை அதை எது தடுத்து வைத்திருந்தது?

இந்த நோயை அதிகம் உண்டாக்கும் பூஞ்சை ரைசோபஸ் வகையைச் சேர்ந்தது. ஈரமான நாளில் ரொட்டியின் மேல் சாம்பல் நிறத்தில் படர்வதும் இதன் பங்காளிதான். மண், சாணம், அழுகும் பழம், மட்கும் இலை என எல்லா இடத்திலும் இது வளரும். தூசியைவிடச் சின்னதான வித்துகளைக் காற்றில் விடும். கோயம்பேடு மார்க்கெட்டில் பழக்கழிவு குவியும் மூலையைக் கடந்து போகிறவர் மட்டுமல்ல, ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவரும் இந்த வித்துகளை மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் ஒரு தட்டில் இதை விதைத்தால் இரண்டு மூன்று நாளில் பஞ்சு மாதிரி வளர்ந்து மூடியைத் தொட்டுவிடும். உடல் வெப்பமான 37 டிகிரியிலும் செழிப்பாக வளரும். இவ்வளவு வேகம் இருந்தும் நம்மில் பெரும்பாலோரிடம் அதனால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

உள்ளே போகும் வித்தை முதலில் மூக்கின் சளிப்படலம் பிடித்து வெளியேற்றப் பார்க்கும். தப்பி உள்ளே போனதை மாக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணு விழுங்கும். ரைசோபஸ் வித்தை மாக்ரோஃபேஜால் அவ்வளவு எளிதில் கொல்ல முடியாது. அதனால் அதை வயிற்றுக்குள்ளேயே வைத்து இரும்புச் சத்து கிடைக்காமல் பட்டினி போடுகிறது. இரும்பு இல்லாமல் வித்து முளைக்காது. உயிரோடு இருக்கும், தூங்கிக்கொண்டிருக்கும். இதையும் மீறி முளைத்துவிட்டால் வித்து நீண்ட இழையாக மாறிவிடும். விழுங்க முடியாத நீளம். அப்போது வருவது நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வெள்ளையணு. அது இழையின் மேல் ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜனிலிருந்து தயாரித்த நச்சு மூலக்கூறுகளைக் கொட்டி இழையைச் சிதைக்கும். ஆக, இந்தப் பூஞ்சைக்கு எதிரான நம் காவல் இரண்டு விஷயங்களில் நிற்கிறது. வித்துக்கு இரும்பு கிடைக்கக் கூடாது. இழைக்கு நியூட்ரோஃபில் தப்பாமல் வந்து சேர வேண்டும்.

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய் இந்த இரண்டையுமே கெடுக்கிறது.

நியூட்ரோஃபிலை முதலில் பார்ப்போம். அது நச்சு மூலக்கூறுகளைத் தயாரிக்க என்ஏடிபிஹெச் என்ற பொருள் தேவை. ரத்தத்தில் சர்க்கரை மிதமிஞ்சி இருக்கும்போது செல்கள் அதில் ஒரு பகுதியை சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அந்த வேலைக்கும் செலவாவது இதே என்ஏடிபிஹெச்தான். கையிருப்பு அங்கே கரைந்துவிட, கிருமியைக் கொல்லும் வேலைக்குப் பற்றாக்குறை. போதாததற்கு, அதிகச் சர்க்கரையில் நியூட்ரோஃபில்கள் தொற்று உள்ள இடத்தை நோக்கி நகர்வதும் மந்தமாகிறது.

இரும்பின் கதை இன்னும் ஆழமானது. ரத்தத்தில் இரும்பு சும்மா திரிவதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதை இறுகப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் வருகிறது. இது வெறும் போக்குவரத்து ஏற்பாடு மட்டுமல்ல, கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமல் செய்யும் பாதுகாப்பும்கூட. ஆனால் டிரான்ஸ்ஃபெரினின் பிடி ரத்தத்தின் அமிலத்தன்மையைப் பொறுத்தது. இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்க ஆரம்பித்தால் கீட்டோன்கள் சேர்ந்து ரத்தம் அமிலமாகும். அப்போது டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளர்ந்து இரும்பு வெளியே வரும். ரைசோபஸ் காத்திருந்தது இதற்குத்தான்.

இதை உறுதிப்படுத்திய ஒரு சோகமான அனுபவம் 1980களில் நடந்தது. டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த சிறுநீரக நோயாளிகளுக்கு உடலில் சேர்ந்த அலுமினியத்தையும் மிகையான இரும்பையும் வெளியேற்ற டெஃபெராக்ஸமின் என்ற மருந்து கொடுத்தார்கள். இரும்பைப் பிடித்து வெளியே தள்ளும் மருந்து, அப்படியானால் பூஞ்சை பட்டினி கிடக்க வேண்டும் அல்லவா? நடந்ததோ தலைகீழ். அந்த நோயாளிகளிடையே மியூகோர்மைகோசிஸ் தலைதூக்கியது. மருந்து பிடித்து வைத்த இரும்பை அப்படியே உருவிக்கொள்ளும் வழி ரைசோபஸிடம் இருந்திருக்கிறது. நோயாளியின் பார்வையில் இரும்பை அகற்றிய மருந்து, பூஞ்சையின் பார்வையில் இரும்பைக் கொண்டுவந்து கொடுத்தது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் அஷ்ரஃப் இப்ராஹிம் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களில் இருக்கும் ஜிஆர்பி78 என்ற புரதத்தைப் பிடித்துத்தான் ரைசோபஸ் உள்ளே நுழைகிறது என்று காட்டியது. சர்க்கரையும் இரும்பும் அதிகமானால் இந்தப் புரதம் செல்லின் மேல்பரப்பில் அதிகமாக முளைக்கிறது. பூஞ்சையின் பக்கம் அதைப் பற்றும் கோட்-ஹெச் என்ற புரதத்தைப் பிறகு அதே குழு கண்டுபிடித்தது. சர்க்கரை ஏறிய உடலில் பூஞ்சைக்கு உணவு மட்டும் கூடவில்லை, கையால் பற்றிக்கொள்ள இடமும் கூடுகிறது.

இப்போது இந்த உடலுக்குள் ஒரு வைரஸ் காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலே சர்க்கரையை ஏற்றும். நோயை எதிர்கொள்ள உடல் கார்டிசாலையும் அட்ரினலினையும் சுரக்கிறது. அவை ஈரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்துக்குள் கொட்டவைக்கின்றன. கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்காத நாளிலும் சர்க்கரை 300ஐத் தொடுவது இதனால்தான். நம் வீடுகளில் சர்வசாதாரணமாகக் கேட்கும் ஒரு பேச்சு உண்டு: “அவர் ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடல, அப்புறம் எதுக்கு இன்சுலின் ஊசி?” அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் கீட்டோன் பெருக இதைவிட நேரான வழி இல்லை. காய்ச்சல் நேரத்தில் சில சர்க்கரை மாத்திரைகளை டாக்டரே நிறுத்தச் சொல்வார். இன்சுலினை மட்டும் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

வைரஸ் தன் பங்குக்கு நோய் எதிர்ப்பு அமைப்பையும் குலைத்துப் போடுகிறது. கடுமையான கோவிட்டில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுக்கள் எண்ணிக்கையில் சரிகின்றன. எதிர்ப்பு வேலையை ஒருங்கிணைக்கும் டி-செல்களும் அதில் அடக்கம். இன்னொரு பக்கம் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் பெருக்கெடுக்கின்றன. ரத்தக்குழாயின் உட்சுவர் புண்ணாகிறது. ரத்தம் உறைவது கூடுகிறது. அந்த நாட்களில் சிஆர்பி, ஃபெர்ரிட்டின், டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனைப் பெயர்களெல்லாம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பழக்கமாகிப் போயின. அந்தப் பரிசோதனைத் தாள்கள் காட்டியது இந்தக் குழப்பத்தைத்தான்.

எதிர்ப்பு சக்தி என்பதை ரேடியோவின் ஒலி போல ஏற்றி இறக்கும் ஒரே அளவாக விளம்பரங்கள் நமக்குப் பழக்கிவிட்டன. இதைக் குடித்தால் கூடும், அதைச் சாப்பிட்டால் குறையும் என்கிறார்கள். அது அப்படி வேலை செய்வதில்லை. மேலே சொன்ன நோயாளியின் உடலில் அழற்சி எல்லை மீறியிருக்கிறது, அதே நேரம் பூஞ்சையைக் கொல்லும் திறன் தரைமட்டத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே நாளில். ஒன்றைத் தணிக்கப் போனால் மற்றது மேலும் கெடலாம்.

அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு விஷயத்தில் நடந்தது அதுதான். அதைச் சொல்லும்போது நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பல உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 6 மில்லிகிராம் பத்து நாள் வரை கொடுத்தால் வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருப்பவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைகிறது என்று காட்டியது. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலனில்லை. இந்த இரண்டாவது பாதி நம் ஊரில் சரியாகப் போய்ச் சேரவில்லை. யாருக்கோ எழுதிய மருந்துச் சீட்டு வாட்ஸ்அப்பில் சுற்றியது. காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாளே வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தவர்கள் இருந்தார்கள். பத்து நாளில் நிறுத்த வேண்டியதை மூன்று வாரம் இழுத்தவர்களும் இருந்தார்கள்.

ஸ்டீராய்டு மாக்ரோஃபேஜின் வேலையைத் தளர்த்துகிறது, சர்க்கரையையும் ஏற்றுகிறது. ரத்தப் பரிசோதனையில் அது காட்டும் ஒரு வேடிக்கையான முரணும் உண்டு. ஸ்டீராய்டு எடுப்பவரின் ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை குறையாது, கூடியிருக்கும். பார்ப்பவருக்குத் தெம்பாக இருக்கும். உண்மையில், குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நியூட்ரோஃபில்கள் பிடி விட்டு ரத்த ஓட்டத்தில் மிதப்பதால்தான் எண்ணிக்கை கூடுகிறது. சுவரைப் பிடித்தால்தானே அவை திசுவுக்குள் இறங்க முடியும்? குழாயில் கூட்டம், தேவைப்படும் இடத்தில் ஆளில்லை.

சர்க்கரையை ஏற்றுவதிலும் நாம் ஏமாந்துபோகும் ஒரு இடம் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒருவர் காலை எட்டு மணிக்கு ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போடுகிறார். மறுநாள் விடியற்காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்தால் 118. பரவாயில்லையே என்று மீட்டரை உள்ளே வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மாத்திரையின் வேகம் மதியத்துக்கு மேல்தான் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்போ பார்த்திருந்தால் அதே ஆளுக்கு 320 காட்டியிருக்கும். விடியற்காலைக்குள் அது இறங்கிவிடும். டெக்ஸாமெதசோன் இன்னும் நீண்ட நேரம், ஒரு நாளைக்கும் மேலாக வேலை செய்வது. அது காலைச் சர்க்கரையையும் சேர்த்தே தூக்கும். சர்க்கரை நோய் இருக்கும் ஒருவர் எந்தக் காரணத்துக்காக ஸ்டீராய்டு எடுத்தாலும், மதியத்துக்குப் பிறகான அளவைப் பார்க்காவிட்டால் பாதிக் கதைதான் தெரியும்.

பாதிப்பின் அளவையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் 16 மருத்துவ மையங்கள் சேர்ந்து 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நடத்திய ஆய்வில், கோவிட்டுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 0.27 சதவீதத்தினருக்கு இந்த நோய் வந்திருந்தது. ஆயிரத்தில் மூன்று பேருக்கும் குறைவு. பின்னணிக் காரணங்களில் முன்னணியில் இருந்தது கட்டுப்படாத சர்க்கரை நோய். அப்படியிருந்தும் நாட்டின் மொத்த எண்ணிக்கை ஏன் அவ்வளவு பெரிதானது? ஐசிஎம்ஆரும் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய இண்டியாப் ஆய்வு 2023இல் சொன்ன கணக்கு: இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். இவர்களில் பலருக்குத் தங்களுக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் வைரஸும் ஸ்டீராய்டும் ஒரே மாதத்தில் லட்சக்கணக்கானோரைத் தொட்டால், ஆயிரத்தில் மூன்று என்பதே வார்டுகளை நிரப்பிவிடும்.

பூஞ்சை முளைத்த பிறகு அது போகும் பாதை நம் முகத்தின் அமைப்பால் தீர்மானிக்கப்படுகிறது. மூக்கில் தொடங்கி, கன்னத்துக்குள்ளும் கண்களுக்கு நடுவிலும் இருக்கும் சைனஸ் அறைகளுக்குப் போகிறது. சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவே இருக்கும் எலும்பு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதைக் கடந்தால் கண். அங்கிருந்து மூளை எட்டும் தூரத்தில். இழைகள் ரத்தக்குழாய்களுக்குள் புகுந்து வளர்வதுதான் இந்த நோயின் தனிக் குணம். உள்ளே ரத்தம் உறைந்து குழாய் அடைபட, அந்தக் குழாயை நம்பியிருந்த சதை செத்துக் கறுத்துப்போகிறது. மேலண்ணத்திலும் மூக்குக்குள்ளும் தெரியும் கருப்பு இப்படி வந்ததுதான்.

மருந்து மட்டும் போதாமல் போவதற்கும் இதுவே காரணம். மொட்டைமாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் நடுவில் குழாய் அடைத்துக்கொண்டால் குளியலறையில் சொட்டு வராது. கையில் ஏற்றும் ஆம்போடெரிசினும் அப்படித்தான், ரத்தம் போகாத சதைக்குள் போய்ச் சேராது. அதனால் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் எண்டோஸ்கோப் வழியாகச் செத்த திசுவை, ரத்தம் கசியும் நல்ல திசு தெரியும் வரை சுரண்டி எடுக்கிறார்கள். சிலருக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். சிலருக்கு மேல்தாடை எலும்பையோ கண்ணையோ எடுக்க வேண்டிவந்தது. 1819இலிருந்து இயங்கும் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை செய்யும் கண் மருத்துவர்களுக்கு, ஓர் உயிரைக் காப்பாற்ற ஒரு கண்ணை எடுப்பதா வேண்டாமா என்பதைவிடக் கடினமான முடிவு இருக்க முடியாது.

ஆம்போடெரிசின் பூஞ்சையின் செல் உறையில் இருக்கும் எர்கோஸ்டெராலைப் பிடித்து உறையைக் கிழிக்கிறது. நம் செல் உறையில் இருக்கும் கொலஸ்ட்ரால் அதற்குக் கொஞ்சம் ஒத்திருப்பதால் சிறுநீரகமும் அடிவாங்குகிறது, பொட்டாசியம் சரிகிறது. கொழுப்பு உறையில் பொதிந்த லிபோசோமல் வகையில் இந்தப் பாதிப்பு குறைவு. ஆனால் அதைச் சாதாரண உப்பு நீரில் கலக்க முடியாது, கட்டிதட்டிவிடும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். சர்க்கரையைக் குறைக்கப் போராடும் நோயாளிக்கு, அவரைக் காப்பாற்றும் மருந்தைச் சர்க்கரைத் தண்ணீரிலேயே ஏற்ற வேண்டியிருக்கிறது. அதற்கும் சேர்த்து இன்சுலின் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வார்டு நர்சுகளின் வேலையைப் பற்றி யாரும் பெரிதாக எழுதவில்லை.

கோவிட்டோடு இது முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கடுமையான ஃப்ளூவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த 432 பேரைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வில், 83 பேரின் நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை ஊடுருவியிருந்தது. வேறு வைரஸ், வேறு பூஞ்சை. நடந்த விதம் மட்டும் ஒன்றுதான். வைரஸ் சுவாசக் குழாயின் உட்படலத்தை உரித்துவிடுகிறது, வெள்ளையணுக்கள் தடுமாறுகின்றன, வழக்கமாக வெளியே போகவேண்டிய வித்து உள்ளே வேர்விடுகிறது.

கருப்புப் பூஞ்சையைக் கண்டுபிடிப்பதில் ஒரு நல்ல விஷயம், முதல் தடயம் அன்றைக்கே கிடைத்துவிடும். மூக்கிலிருந்து எடுத்த துணுக்கின் மேல் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் சதை கரைந்து பூஞ்சை இழை மட்டும் மிஞ்சும். மைக்ராஸ்கோப்பில் ரிப்பன் போல அகலமாக, குறுக்குச் சுவர்கள் அதிகம் இல்லாமல், செங்கோணத்தில் கிளை பிரிந்தால் ரைசோபஸ் அடங்கிய மியூகோர் வகை. மெல்லியதாக, குறுக்குச் சுவர்களோடு, கூர்ங்கோணத்தில் கிளைத்தால் ஆஸ்பெர்ஜில்லஸாக இருக்கலாம். இந்த வித்தியாசம் முக்கியம். ஆஸ்பெர்ஜில்லஸுக்குக் கொடுக்கும் வொரிகோனசோல் மியூகோர் வகையிடம் பலிக்காது.

சர்க்கரை இருப்பவர் வைரஸ் காய்ச்சலிலிருந்து தேறிய சில வாரங்களுக்குள், ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, கன்னத்தில் மரத்துப்போன உணர்வு அல்லது வீக்கம், காரணமில்லாமல் ஆடும் மேல்வரிசைப் பல், இரட்டையாகத் தெரியும் பார்வை, மூக்கில் கருப்பு அல்லது ரத்தம் கலந்த சளி, இவற்றில் எது தெரிந்தாலும் சாதாரண சைனஸ் என்று ஆவி பிடித்துக் காத்திருக்காமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியையும், என்ன ஸ்டீராய்டு, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் எடுத்தார் என்று எழுதிய தாளையும், கடைசி ஒரு வாரச் சர்க்கரை அளவுகளையும் கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.